நோயை வெல்லும் பன்றியினம் கிடைக்குமா?

வவுனியாவை அடுத்த நெளுக்குளம் போன்ற வன்னிக் கிராமங்களிலே பன்றி என்றதும், வேலியை முறித்து வயலில் இறங்கும் காட்டுப் பன்றியே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பன்றிப் பட்டியை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்களும் நம் நாட்டில் உள. 2024ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிற் கண்டறியப்பட்டபோது, காட்டுப் பன்றி, பட்டிப் பன்றி ஆகிய இரண்டுக்கும் ஒரே ஆபத்து நேர்ந்தது. இரண்டும் ஓரினமே அல்லவா? இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. பட்டிக்குள் நுழைந்தாலோ பெரும்பாலான பன்றிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும்.

நேயர்களே, இந்நோயை எதிர்க்கும் பன்றியை இனவிருத்தி செய்ய இயலாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்நோயைக் கெனியாவில் ஆராய்ந்து 1921இல் விவரித்தவர் மொன்கொமரி என்பார். ஐரோப்பியர் கொண்டுசென்ற பன்றிகள் அங்கே மடிந்தன. அதே புல்வெளியில் திரியும் ‘வார்ட்டொக்’ என்னும் ஆபிரிக்கக் காட்டுப் பன்றியோ, வைரசைத் தன் உடலிற் கொண்டும் நோயின்றி வாழ்கின்றது. வளைகளிலுள்ள உண்ணிகளே அதனிடம் அவ்வைரசைப் பரப்புகின்றன.

இவ்விரண்டின் பரம்பரை அலகுகளை ஒப்பிட்ட எடின்பரோவை அடுத்த ரொஸ்லின் நிறுவனத்தார், ‘ரெலா’ என்னும் அலகிற் சிறு வேறுபாட்டைக் கண்டனர். பட்டிப் பன்றியில் அவ்வலகை வார்ட்டொக்கினுடையது போலத் திருத்தியும் பார்த்தனர். 2020இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது: ஒரு பிரிவுப் பன்றிகளிற் நோய்க்குறி சற்றுத் தாமதித்ததேயன்றி, எதிர்ப்பு வாய்க்கவில்லை.

வேறொரு வைரசு நோயில் இம்முயற்சி வென்றுள்ளது. சினைப் பன்றிகளுக்குக் கருச்சிதைவையும் குட்டிகளுக்கு மூச்சு நோயையும் தரும் அவ்வைரசு, ஒரு வகை வெண்குருதிக் கலத்தினுள் நுழைய ‘சீடீ163’ என்ற புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகின்றது. அக்கதவை நீக்கிய பன்றிகளை அந்நோய் பற்றவில்லை என்பதை மிசூரிப் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அத்தகைய பன்றியை உணவுக்கு வளர்க்க அமெரிக்க அரசு 2025இல் அனுமதியளித்தது. ஆனால் ஆபிரிக்கக் காய்ச்சல் வைரசுக்கு அந்தக் கதவு தேவையில்லை. அப்புரதம் அற்ற பன்றிகளும் அதற்கு இரையாயின. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அலகுகளைக் கொண்ட பெரிய வைரசு அது. ஒற்றைப் பூட்டுக்கு அடங்குவதாயில்லை.

பழைய முறைப்படி, தப்பிய பன்றியைத் தெரிந்து பெருக்கலாமே எனின், அது அபாயமான யோசனை. தப்பியது எதிர்ப்பினாலோ தற்செயலாலோ என்பதை ஒரு பன்றியைக் கொண்டு அறிய முடியாது. அதன் உடலில் வைரசு சில காலம் தங்கியிருக்கவுங் கூடும். அத்தகையதை விற்காமலும் வேறு பட்டிக்குக் கொண்டுபோகாமலும் கால்நடை வைத்தியருக்கு அறிவித்தலே தக்கது.

வன்னிக்கெனத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். காட்டுப் பன்றி இறைச்சி வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. வைரசு பச்சை இறைச்சியில் வாரக்கணக்கிலும், உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கிலும் அழியாது நிற்கும். எனவே இறைச்சி கழுவிய நீரையோ எலும்பையோ பட்டியிற் கொட்டலாகாது. உணவுக் கழிவைத் தீனியாகக் கொடுப்பவர் அதனை அரை மணி நேரமாவது கொதிக்கவைத்து ஆற்றிய பின்னரே கொடுக்கவேண்டும்.