வட்டமாகத் தெரியும் முக்கோணம்

தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் செய்யும் பட்டறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஒன்றரை மி.மீ. தகட்டில் 8 மி.மீ. பிட் போட்டுத் துளைத்தேன். வெர்னியர் எந்தப் பக்கம் வைத்தாலும் 8.1 காட்டுகிறது. ஆனால் 8 மி.மீ. போல்ட்டு உள்ளே போகாமல் முரண்டுகிறது. வெர்னியர் பழுதா?”

வெர்னியர் நன்றாகவே இருக்கிறது. துளைதான் வட்டமாக இல்லை. அது முனை மழுங்கிய முக்கோணம்.

பிட்டின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுவில் உளிபோல ஒரு சின்னக் குறுக்குக் கோடு தெரியும். அது உலோகத்தை வெட்டுவதில்லை, நசுக்கி ஒதுக்குகிறது. நாம் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வெட்டுவது இருபுறமும் சரிந்திருக்கும் இரண்டு உதடுகள். கனமான இரும்பில் நுனி புதைந்து நிற்பதால் பிட் நேராக இறங்கும். ஆனால் 118 பாகை முனையுள்ள 8 மி.மீ. பிட்டின் கூம்பே சுமார் 2.4 மி.மீ. உயரம். உங்கள் தகடு அதைவிட மெலிசு. உதடுகள் முழு அகலத்துக்கு இறங்கும் முன்பே நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதற்கு ஊன்ற இடமில்லை.

என்னை மயக்குவது இதற்கடுத்து நடப்பதுதான். பத்துக்குப் பத்து அறையில் பீரோவை ஒற்றை ஆளாக நகர்த்தியிருக்கிறீர்களா? ஒரு காலை ஊன்றி மறுபக்கத்தை வீசுவோம். பிறகு வீசிய காலை ஊன்றி, ஊன்றியதை வீசுவோம். தரையில் வில் வில்லாகக் கீறல் விழும். பிடிமானம் இழந்த பிட்டும் அப்படியே நடக்கிறது. ஒரு உதட்டின் ஓரம் சுவரில் சிக்கி நிற்க, மற்றது 60 பாகைக்கு ஒரு வில்லைச் சீவும். உடனே ஊன்றுவதும் வீசுவதும் இடம் மாறும். ஒரு முழுச் சுற்றுக்குள் ஆறு முறை! பீரோ நகரும்போது கீழ்வீட்டில் கேட்கும் தடதடப்புதான், தகடு துளைக்கும்போது உங்கள் காதில் விழும் தடதடப்பு.

மூன்று வில்கள் சேர்ந்த இந்த வடிவத்தின் அகலம் எந்தத் திசையில் அளந்தாலும் ஒன்றே. இரண்டே புள்ளிகளைத் தொடும் வெர்னியர் இதில் ஏமாந்துபோகிறது. உள்ளே அடங்கும் வட்டமோ அதைவிடச் சிறியது. நிஜத் துளையில் மூலைகள் அவ்வளவு கூராக இருக்காது. ஆனாலும் போல்ட்டைத் தடுக்க இம்மியளவு கோணல் போதும்.

வடிவத்துக்கு ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோவின் பெயர். முறுக்குப் பிட்டுக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை பெற்றது 1863இல். வரலாறு இவ்வளவு போதும்.

தங்க நிறப் பிட் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. சில மைக்ரான் தடிமன். தேய்மானத்தைக் குறைக்கும், உண்மை. துளையை வட்டமாக்காது. ஒருமுறை சாணை பிடித்தால் நுனியில் அதுவும் போய்விடும். “எதையும் துளைக்கும்” என்ற அட்டை வாசகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தகட்டுக்கு மேலும் கீழும் மரக்கட்டை வைத்து இறுக்கித் துளையுங்கள். நுனிக்கு ஊன்ற இடம் கிடைக்கும். ஸ்டெப் டிரில்லும் நல்லது. ரீமர் வரை போகத் தேவையில்லை. 8 மி.மீ. போல்ட்டுக்குத் தர அட்டவணை சொல்லும் வழக்கமான துளையே 9 மி.மீ.தான்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். நுனி மறுபக்கம் வரும் அதே நொடியில்தான் பிட் தகட்டைக் கவ்விச் சுழற்றும். கையால் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள், கையுறையும் போடாதீர்கள். கிளாம்ப் போடுங்கள்.