மின்னஞ்சல் எங்கே இருக்கிறது?

அலைபேசியில் படித்த மின்னஞ்சல், அலுவலகக் கணினியைத் திறந்தால் அங்கேயும் படித்ததாகவே காட்டுகிறது. கணினிக்கு அது எப்படித் தெரிந்தது? அஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறைக்கு இதில் பங்கில்லை. பெறுபவரின் சர்வரில் கடிதத்தைச் சேர்த்ததும் அதன் வேலை முடிந்தது. அங்கிருந்து எடுத்துப் படிப்பதற்கென்றே தனி நெறிமுறைகள் இருக்கின்றன.

முதலில் வந்தது பாப். 1984-இல் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அதன் முதல் வடிவத்தை எழுதினார். 1988-இல் மார்ஷல் ரோஸ் வகுத்த பாப்3 இன்றுவரை புழக்கத்தில் உள்ளது. எந்நேரமும் இணைப்பில் இருக்க முடியாத சிறு கணினிகளுக்காகப் பிறந்தது அது. சர்வரைக் கூப்பிடு, வந்ததை இறக்கிக்கொள், இணைப்பைத் துண்டி: இவ்வளவுதான் அதன் வழக்கம்.

இந்த எளிமைக்குள் ஓர் அருமையான முன்யோசனை இருக்கிறது. 'டெலி' என்ற கட்டளையைக் கொடுத்தால் சர்வர் கடிதத்தை உடனே அழிப்பதில்லை. அழிக்க வேண்டியது என்று குறித்து மட்டும் வைக்கிறது. 'குவிட்' என்று முறையாக விடைபெற்ற பிறகே அழிக்கும். நடுவில் இணைப்பு அறுந்துபோனால் எந்தக் கடிதத்தையும் நீக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஒரே கடிதம் இரண்டு முறை வந்து சேரலாம், வழியில் தொலைந்துபோகாது. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் வைத்துப் பேசிய காலத்தில் இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேறென்ன வேண்டும்!

ஆனால், ஒருவருக்கு ஒரு கணினிதான் என்பது பாப்பின் கணக்கு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986-இல் உருவாக்கிய ஐமேப், அதைத் தலைகீழாக்கியது. கடிதம் சர்வரிலேயே இருக்கும். நம் கையில் உள்ள கருவிகள் எல்லாம் அதைப் பார்க்கும் சாளரங்கள். படித்தது, பதில் எழுதியது, முக்கியமானது என்ற குறிகளும் சர்வரிலேயே பதிவாகின்றன. அலைபேசியில் நடந்தது கணினிக்குத் தெரிவது இப்படித்தான்.

முழுக் கடிதத்தையும் இறக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி. கடிதத்தின் அமைப்பை மட்டும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரிய இணைப்புக் கோப்பைச் சர்வரிலேயே விட்டுவிட்டு எழுத்துப் பகுதியை மட்டும் வாங்கலாம். தேடும் வேலையையும் சர்வரிடமே ஒப்படைக்கலாம். 1997-இல் சேர்ந்த 'ஐடில்' கட்டளை, 'புது அஞ்சல் உண்டா?' என்று அடிக்கடி கேட்கும் தேவையையே ஒழித்தது. கருவி இணைப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். அஞ்சல் வந்ததும் சர்வரே சொல்லும். அரை மணி நேரம் பேச்சில்லாவிட்டால் சர்வர் துண்டித்துவிடக்கூடும் என்பதால், 29 நிமிடங்களுக்குள் அந்தக் கட்டளையைப் புதுப்பிக்கச் சொல்கிறது அதன் ஆவணம்.

ஐமேப் வந்ததால் பாப் செத்துவிட்டது என்று நான் கருதவில்லை. ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்தால் எல்லாக் கருவிகளிலிருந்தும் கடிதம் போய்விடும். சர்வர் கணக்கு முடங்கினாலும் அதே கதிதான். பாப் வழியாக இறக்கிய நகலோ நம் கணினியில் நம்முடையதாகவே இருக்கும். பல ஆண்டுக் கடிதங்களைப் பாதுகாக்க நினைப்பவர்கள், 'சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வீட்டுக் கணினி ஒன்றில் பாப்பையும் இயக்கி வைக்கலாம்.