பவளத் தொட்டிக்கு மணல் வேண்டுமா?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நன்னீர் மீன்களுக்கே மதிப்பு அதிகமென்றாலும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி இல்லங்களில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளச் சூழலைக் கண்ணாடிக்குள் வளர்க்க ஆசைப்படுவோரும் அங்கே போய் விசாரிப்பதுண்டு. தொட்டிக்கும் விளக்குக்கும் ஸ்கிம்மருக்கும் விலை பேசி முடித்த பிறகு அவர்களுக்கு எழும் சந்தேகம், அடியில் மணல் இடுவதா, வெறுங் கண்ணாடியாகவே விட்டுவிடுவதா என்பதாகும். அலங்கார விஷயமாகத் தோன்றும் இதில் இரசாயனமும், நம் புறநகர் வெயிலும், சட்டமுங்கூடச் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

மீன்களின் கழிவில் பிறக்கும் அம்மோனியாவை, மேல்மணலில் பிராணவாயுவைச் சுவாசித்து வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத ஆழத்திலோ வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவையே பறித்துக்கொண்டு, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. இந்த இயற்கைத் தர்மத்தை நம்பியே 1980களில் மொனாக்கோவில் ழான் ஜோபேர், மணற்படுகைக்கு அடியில் சிறிது நீர்வெளி விட்டுத் தொட்டி அமைத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் ரான் ஷிமெக் நான்கு அங்குலமும் அதற்கு மேலுமான ஆழ்மணலை ஆதரித்தார். பெர்லின் முறையைப் பின்பற்றுவோரின் அபிப்பிராயம் வேறு: கடலிலிருந்து எடுத்த, துளைகள் மலிந்த உயிர்ப்பாறையின் உட்புறமே அந்தக் காரியத்தைச் செய்துவிடும், அழுக்கை அகற்ற ஸ்கிம்மர் இருக்கிறது, மணல் எதற்கு?

நம் நாட்டில் இந்த வாதம் அப்படியே செல்லுபடியாகாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டமையால், மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப்பாறையையோ, பவளத் துண்டையோ கொண்டுவருவது குற்றம். மணலைக் கிளறித் தின்று சுத்தம் செய்யும் கடல் அட்டைக்கும் அவ்வாண்டிலேயே பாதுகாப்பு வந்தது. ஆகவே செயற்கைப் பாறையை வைத்து, அதில் நுண்ணுயிர்கள் குடியேறும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியவர்களுக்கு மணல் ஓரளவு உபகாரமே என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனாலும் ஆழ்மணலை இவ்வட்டாரத்துக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. கோடையில் கடற்காற்று மெரினாவைத் தொட்டு வெகு நேரம் கழித்தே ஆவடிக்கு வந்துசேரும். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6 மில்லிகிராம் பிராணவாயுவையே தாங்கும். அவ்வேளையில் மின்சாரம் நின்று நீரோட்டமும் நின்றுவிட்டால், மணலிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் மீன்களுக்கு உரிய பிராணவாயுவைத் தாமும் பங்குபோட்டுக் குடித்துவிடும். நைட்ரேட்டும் தீர்ந்துபோன ஆழத்தில், கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைத்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் உள. அந்தக் கறுத்த அடுக்கை யாரேனும் அவசரத்தில் கிளறிவிட்டால் தொட்டிக்கு ஆபத்து. பாரத்தையும் கணக்கிட வேண்டும்: நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தொட்டியில் நான்கு அங்குல மணல் என்பது ஏறக்குறைய 110 கிலோ, ஒரு அங்குலமாயின் முப்பதுக்கும் குறைவு.

மணல் கரைந்து பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்தை ஊட்டும் என்றொரு நம்பிக்கை வியாபாரிகளிடையே உலவுகிறது. பவள மணல் கால்சியம் கார்பனேட்டு என்பது மெய்தான். கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்துத் தின்று கழிக்கும் பொடியே பல தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு. ஆயினும் pH 8.2 அளவில் காரத்தன்மையுள்ள தொட்டி நீரில் அது கரையாது. அமிலம் கூடிய ஆழத்தில் மட்டுமே சிறிது கரையும். நம் கடற்கரை மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ். அதில் இந்த அற்ப லாபமும் இல்லை, நகரக் கழிவு வேறு கலந்திருக்கும்.

மணல் இன்றியமையாதது சில ஜீவன்களுக்குத்தான். இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும் ஹாலிகோரஸ் மீன்களும், துப்பாக்கி இறாலோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும் கோபி மீன்களும் வெறுங் கண்ணாடியில் வாழ்வது சித்திரவதை. அத்தகையவற்றை வளர்க்க விரும்புவோர், வேண்டியபோது குழாயால் உறிஞ்சிக் கழுவத்தக்க அளவில் ஓரிரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல், அங்கீகாரமுள்ள, இறக்குமதியான அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட்டு மணலை இடலாம். வேகமான நீரோட்டம் கேட்கும் பவளங்களையும், மணல் கேளாத கோமாளி மீன்களையும் மட்டும் வைத்திருப்பவர்கள் மணலை விட்டுவிடட்டும். அந்தப் பணத்தில், மின்சாரம் போனாலும் காற்று ஊதும் பேட்டரி பம்பு ஒன்றை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.