நூற்றைந்து டிகிரிக்குக் காத்திருந்தோம்

கையிலிருக்கிற டீயிலிருந்தே தொடங்கலாம். இதைச் சென்னையில் போட்டிருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்திருக்கும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே 92, 93-லேயே தளதளவென்று கொதித்துவிடும். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, நீர் சீக்கிரமே ஆவியாகக் கிளம்புகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துதான் மாணவிகளும் நானும் ஒரு சட்டி தவிட்டுப்பழ ஜாமைப் பாழாக்கினோம்.

தவிட்டுப்பழம் தெரியுமல்லவா? கொய்யாவுக்கும் நாவலுக்கும் உறவு. இளஞ்சிவப்புப் பூ, இலையின் அடிப்புறம் சாம்பல் பூத்த மாதிரி மென்மையான ரோமம். கரும் ஊதாவாகப் பழுக்கும் பழத்தின் தலையில் ஐந்து இதழ் கொண்ட சின்னக் கிரீடம் இருக்கும். இந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்தினால்தான் பறிக்க வேண்டும். பக்கத்திலேயே உண்ணிச்செடியும் கறுப்பு மணிகளாகக் கொத்துக்கொத்தாய்க் காய்த்திருக்கும், அதன் பச்சைக் காய் நஞ்சு. ஐயம் வந்தால் கூடையில் போடாதே என்பதுதான் மாணவிகளுக்கு நான் சொன்ன முதல் பாடம். இரண்டாவது, காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. அங்கே சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குத் தந்திருக்கிறது. அது அவர்களுடைய பிழைப்பு. நாங்கள் அனுமதி கேட்டு ஒருவரின் நிலத்து வேலியோரம் பறித்தோம். மருந்து தெளித்த தேயிலைப் பாத்திகளை ஒட்டிய செடிகளைத் தொடவில்லை. கொண்டைக்குருவிகளுக்கென்று மேல்கிளைகளை விட்டுவிட்டோம்.

முழுக்கப் பழுத்ததோடு கொஞ்சம் செங்காயும் சேர்த்துப் பறிக்கச் சொன்னேன். ஜாமை இறுகவைப்பது பெக்டின். பழத்தின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை அது, பழம் கனியக் கனியக் கரைந்துபோகும். அந்தப் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாக வேண்டுமானால் இரண்டு துணை வேண்டும். புளிப்பு, இழைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதைத் தணிக்கும். சர்க்கரை, இழைகளைச் சுற்றியிருக்கும் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தப் புளிப்புக்காகத்தான் எலுமிச்சை பிழிகிறோம். பழத்தை முதலில் தனியே வேகவைத்து மசித்து, விதை போக வடிகட்டி, அப்புறம்தான் சர்க்கரை சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் தோல் விறைத்துவிடும்.

இனி அந்தப் பாழான சட்டி. பாடப்புத்தகத்தில் 105 டிகிரி என்று போட்டிருக்கிறது. சர்க்கரையும் பழச்சத்தும் சேர்ந்து எடையில் 65 முதல் 68 சதவீதம் ஆகும்போது, கலவை தண்ணீரின் கொதிநிலையைவிட ஏறத்தாழ 5 டிகிரி கூடுதலில் கொதிக்கும். கடற்கரையில் அது 105, ஊட்டியில் 97, 98. வெப்பமானியை வெறித்துப் பார்த்தபடி நாங்கள் 105-க்குக் காத்திருந்தோம். சமவெளியில் 112 வரை காய்ச்சியதற்கு அது சமம். ஆறியதும் கரண்டி அதிலேயே நட்டுக்கொண்டது, நிறமும் மணமும் போய்விட்டன. காலையெல்லாம் முள்ளில் கை கீறிக்கொண்டு பறித்த பிள்ளைகளின் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த சட்டிக்கு முன்பு, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்தோம். 93 காட்டியது. அதோடு 5 கூட்டிச் சுவரில் எழுதினோம். தராசையும் கொண்டுவந்தோம். ஒரு கிலோ சர்க்கரை போட்டிருந்தால், ஜாம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்கு வற்றும்போது இறக்கலாம் என்பது பழைய கணக்கு. எந்த உயரத்திலும் அது மாறாது, ஏனென்றால் அது சூட்டை அளக்கவில்லை, மிஞ்சியிருக்கும் நீரை அளக்கிறது. அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற பாட்டிமார் செய்வதும் இதைத்தான். அவர்களுக்கு வெப்பமானி தேவைப்பட்டதே இல்லை.

ஒரு மாணவி குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து, விரலால் மெல்லத் தள்ளினாள். மேற்பரப்பு சுருங்கி மடிந்தது. உடனே அடுப்பை அணைத்தாள்.