நேயர் விருப்பத்துக்குத் தடை!

வானொலியில் பாட்டுக் கேட்டுக் கடிதம் போடுவதில் என்ன ஆபத்து என்கிறீர்களா, குழந்தைகளே?

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியது. அடுத்த மாதமே அங்குள்ள வானொலி நிலையங்களுக்குத் தணிக்கை அலுவலகம் விதிமுறைகளை வெளியிட்டது. நேயர் கேட்ட நேரத்தில் கேட்ட பாட்டைப் போடக் கூடாது. அது ஒற்றனின் சங்கேதமாக இருக்கலாமே! காணாமற்போன நாயைப் பற்றிய அறிவிப்பிலும் இதே சந்தேகம்தான். பெரும்பாலான நிலையங்கள் தாமாகவே அடங்கி நடந்தன.

வானிலைச் செய்தியும் நின்றது. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒட்டுக்கேட்குமே! மழையால் ஆட்டம் நின்றால், வர்ணனையாளர் 'மழை' என்று வாய் திறக்கக் கூடாது. வேடிக்கைதான், இல்லையா?

ஆனால் 1943 ஜூலை 27 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் அருகே புயல் கரையேறியது. கடலில் இருந்த கப்பல்களும் வானொலியில் மௌனம் காத்தன. எச்சரிக்கை மக்களைச் சரிவரச் சென்றடையவில்லை. 19 பேர் இறந்தனர். அந்த ஆண்டு அக்டோபரில்தான் வானிலைத் தடை விலகியது.