வலி நீக்கும் மாத்திரைகளும் சிறுநீரகப் பாதுகாப்பும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கோடையின் வெம்மை கடுமையானது. மாந்தோப்புகளில் அறுவடை நடைபெறுவதும் வெயில் மிகுந்த அக்காலத்தையொட்டியே. அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையிலோ ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. கூடை சுமந்தவருக்கு இடுப்பு வலியும், படியேறியவருக்கு முழங்கால் வலியும் உண்டாவது இயல்பே. மருந்துக் கடையில் சில ரூபாய்க்கு மாத்திரை கிடைக்கிறது, வலியும் தணிகிறது. ஆயினும் உடலில் நீர் வற்றியுள்ள வேளையில் அளவுமீறி உட்கொள்ளப்படும் இம்மாத்திரைகள் சிறுநீரகங்களுக்குக் கேடு விளைவிக்கக்கூடும். அக்கேடு நேரும் விதத்தை அறிந்தால், அதனைத் தடுக்கும் வழியும் புலப்படும்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீர் குறைந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அப்போது புராஸ்டாகிளாண்டின் என்னும் இரசாயனப் பொருள், வடிகட்டிகளுக்கு இரத்தம் செல்லும் குழாய்களை விரிந்த நிலையில் வைத்துக் காக்கிறது. ஏரியில் நீர் குறைந்த காலத்தில், மதகருகே நின்று கடைசி வயலுக்கும் நீர் சேரச் செய்யும் நீர்கட்டியின் பணிக்கு இது ஒப்பாகும்.

உடலில் வலியையும் வீக்கத்தையும் மிகுவிப்பதும் இதே வகைப் பொருளே. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள் உண்டாவதைத் தடுத்தே வலியைத் தணிக்கின்றன என்பதை 1971-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் விளக்கினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபன் ஆகியவையும் இவ்வாறே செயல்படுகின்றன. வலி அடங்குகிறது, அதனுடன் மதகும் அடைபடுகிறது. இரத்தம் போதாமல் வடிகட்டும் வேலை குன்றுகிறது.

பாராசிட்டமால் மருந்தின் இயல்பு சற்று வேறு. உரிய அளவில் அது பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. அளவு மிஞ்சினால், அதிலிருந்து உண்டாகும் நச்சுப் பொருளை முறிக்கும் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், கல்லீரலும் சில சமயம் சிறுநீரகமும் பழுதடைகின்றன. ஆரோக்கியமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு உச்ச வரம்பு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு. சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் இம்மருந்து அடங்கியுள்ளதால், வரம்பை அறியாமலே மீறுதல் எளிது.

அதிக அளவில் மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகங்களை மூலிகைச் சாறுகள் காக்கின்றனவா என்று நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் பல சோதனைகள் நடைபெற்றுள்ளன. எலியிடம் கண்ட பலன் மனிதரிடமும் நிச்சயம் கிட்டும் என்று கொள்வதற்கில்லை. மூலிகையை நம்பி மாத்திரையின் அளவை மீறலாகாது.

நீண்டகாலப் பழக்கமும் ஆபத்தானதே. வலி மாத்திரைகளைப் பல ஆண்டுகள் உட்கொண்டோரின் சிறுநீரகம் சிதைவதைச் சுவிட்சர்லாந்தில் ஸ்பூலர், சோலிங்கர் என்னும் மருத்துவர்கள் 1953-இல் எடுத்துக்காட்டினர். அம்மாத்திரைகளில் கலந்திருந்த ஃபெனாசிட்டின் பின்னர் பல நாடுகளில் விலக்கப்பட்டது.

கிராம ஊழியர்களும் ஆசிரியர்களும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவை சிலவே. வெயிலில் உழைத்தவர் முதலில் நீர் அருந்தி இளைப்பாற வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ளபோது டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். முதியோர், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உடையோர், கர்ப்பிணிகள், இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரைப் பெருக்கவோ மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. வலி சில நாட்களில் தணியாவிடில், மாத்திரையைக் கூட்டாமல் வலியின் காரணத்தை ஆராய வேண்டும். சிறுநீர் குறைதல், கால் வீக்கம் தோன்றினால் மாத்திரையை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அளவுமீறி மாத்திரை விழுங்கியவரை, நலமாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனை சேர்ப்பது அவசியம்.

சிறுநீரகம் பாதியளவு பழுதாகும் வரை இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு இயல்பாகவே காணப்படலாம். உடலில் வலியும் தோன்றாதிருக்கலாம். ஆதலின் நோய்க்குறியை எதிர்பார்த்திராமல், மாத்திரையை எடுக்குமுன் எச்சரிக்கை கொள்வதே தக்க பாதுகாப்பாகும்.