ஸ்ரெப்போட் நகரத்துப் பாவையர்

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. மேலைத்தேயத்துத் திகிற் கதைகளைப் பயின்றோர் முதன் மூன்றையும் அவற்றில் எளிதிற் கண்டுகொள்வர். பாழ்மாளிகையில் உலவும் ஆவியும், ஓநாயாக மாறும் மனிதனும், இருளிற் பதுங்கும் கொலைஞனும் அக்கதைகளிற் பழகிப்போன உறுப்புகள். நான்காவது வகை அச்சமோ அவற்றில் அருகியே வருவது. தன்னை ஆள்வதற்கு உரிமை கொண்டாடும் ஒருவன் தன் வீட்டினுள்ளேயே, அன்புடைய கணவனாய் இருக்க, அவனிடத்து அச்சம் பிறக்குமாயின் அக்கதை எவ்வாறு அமையும்? அமெரிக்க எழுத்தாளர் ஐரா லெவின் 1972இல் வெளியிட்ட "ஸ்ரெப்போட் மனைவியர்" என்னும் சிறு நாவல் இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது எனலாம்.

கதையின் களத்தை முதலில் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க நடுத்தர வகுப்பினர் பெருந்தொகையினராய் நகரங்களை விட்டுப் புறநகர்களிற் குடியேறினர். நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தாற்போல எழுப்பப்பட்டன. லெவிற்றவுண் எனப் பெயர் பெற்ற அக்குடியிருப்பிற் புல்லை எப்போது வெட்டவேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. கறுப்பினத்தார் அங்கே குடியிருத்தலாகாது என ஆரம்பத்தில் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. காலையில் ஆடவர் தொழிலுக்குச் செல்ல, பெண்டிர் நாள் முழுவதும் வீட்டில் இருந்தனர். இத்தகைய வீடுகளில் வாழ்ந்த பெண்களின் பெயரிடப்படாத மனக்குறையை 1963இல் ஒரு நூலில் ஆராய்ந்தவர் பெற்றி பிறீடன். லெவினின் கதை நிகழும் ஸ்ரெப்போட், கனெற்றிக்கட் மாநிலத்தில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட, செல்வம் மிக்க ஊர். எனினும் அதன் ஒழுங்கு இவ்வொழுங்கின் முதிர்ச்சியே.

நியூயோர்க்கிலிருந்து கணவன் வால்ற்றருடனும் இரு குழந்தைகளுடனும் அவ்வூருக்கு வருகிறாள் ஜோவானா. அவள் புகைப்படக்கலை பயின்றவள், பெண்ணுரிமையில் நாட்டமுடையவள். அண்டை வீட்டுப் பெண்ணை ஒருநாட் கோப்பி அருந்த அழைக்கிறாள். தரைக்கு மெழுகு பூசும் வேலை இருப்பதாகக் கூறி அப்பெண் மறுத்துவிடுகிறாள். பல்பொருள் அங்காடியிற் பெண்கள் தள்ளிச்செல்லும் வண்டிகளிற் சாமான்கள் சற்றும் பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை அற்பச் செய்திகள் அல்லவா? ஆனால் லெவினின் திறன் முழுவதும் இத்தகைய அற்பச் செய்திகளிலேயே தங்கியுள்ளது. இரத்தத்தையோ பிணத்தையோ காட்டாது, மெழுகிட்ட தரையின் பளபளப்பைக் காட்டியே அவர் நம்மைத் திடுக்கிட வைக்கிறார்.

ஊரின் ஆடவர் சங்கத்திற் பெண்களுக்கு இடமில்லை. உள்ளே நின்று அதனைத் திருத்தப்போவதாகச் சொல்லி வால்ற்றர் அதிற் சேர்கிறான். சங்கத்தவருள் ஒருவர் ஓவியர். அவர் ஜோவானாவின் முகத்தைப் பல கோணங்களில் வரைந்துகொள்கிறார். வேறொருவர் ஒலிப்பதிவுக் கருவியொன்றைக் கொடுத்து, நீண்ட சொற்பட்டியல் ஒன்றை அவள் குரலில் வாசித்துப் பதியுமாறு வேண்டுகிறார். சங்கத்தின் தலைவன் முன்னர் டிஸ்னிலாண்டிற் பணியாற்றியவன். 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கனின் இயந்திர உருவம் ஒன்று எழுந்து நின்று உரையாற்றியதை நினைவுகூர்வோர்க்கு இக்குறிப்பின் பொருள் விளங்கும். பெண்ணையும் பொம்மையையும் பாவை என்னும் ஒரே சொல்லாற் குறிக்கும் தமிழர்க்கு அது பின்னும் விரைவில் விளங்கும்!

பழைய செய்தித்தாள் ஒன்றிலிருந்து, அவ்வூரில் முன்பு பெண்கள் கழகம் ஒன்று இயங்கியதையும், பிறீடனே அங்கு வந்து பேசியதையும் ஜோவானா அறிகிறாள். அக்கழகத்தை நடத்திய பெண்களே இன்று வீட்டு வேலையன்றி வேறொன்றும் வேண்டாதவராய் இருக்கின்றனர். ஊர் நீரிலே ஏதோ கலந்திருக்கிறது என ஐயுறுகிறாள் தோழி பொபி. குடிவந்து நான்கு மாதமளவிலேயே ஒவ்வொருத்தியும் மாறிவிடுகிறாள் எனக் கணக்கிட்டவளும் அவளே. பின்னர் ஒரு வார இறுதி கழிந்ததும் பொபியும் மாறிவிடுகிறாள். வீடு துலங்குகிறது, அவள் புன்னகைக்கிறாள், பழைய குறும்புப் பேச்சு மட்டும் இல்லை.

மனைமாட்சியைப் போற்றும் மரபில் வந்த நமக்கு இக்கதை மனையறத்தைப் பழிப்பதுபோலத் தோன்றலாம். ஊன்றிப் படிப்பின் அவ்வாறன்று என்பது புலனாகும். சமையலும் துப்புரவும் இங்கே குற்றவாளிகளல்ல. "மாட்டேன்" என்று சொல்லக்கூடிய ஒருத்தி மனமுவந்து செய்யும் பணியே அறமாகும். அச்சொல்லைச் சொல்லும் ஆற்றல் பறிக்கப்பட்டவளது பணியை அறமென்று எவ்வாறு கூறுவது? வால்ற்றர் கொடியவனாக நடந்துகொள்வதேயில்லை. அவன் குழந்தைகளை நேசிக்கிறான். மனைவியோடு இனிமையாகப் பேசுகிறான். பூசல் இல்லாத மனைவி ஒருத்தி கிடைப்பாளாயின் தன் மனைவியை இழக்கவும் அவன் உடன்படுகிறான் என்பதே கதையின் உள்ளுறை. அவ்வுடன்பாடு எப்போது நிகழ்ந்தது என்பதை ஆசிரியர் கூறவில்லை.

இந்நாவல் 1975இல் திரைப்படமாயிற்று. நாவல் மறைத்ததை அப்படம் வெளிப்படையாகக் காட்டியது. மனைவியர்க்கு நீண்ட பூவாடையும் அகன்ற தொப்பியும் அணிவித்தது. பிறீடன் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். 2004இல் வந்த மற்றொரு படம் இதனை நகைச்சுவையாக்கி, சூழ்ச்சியின் மூலகர்த்தாவாக ஒரு பெண்ணையே வைத்தது. கணவரின் பழியை இங்ஙனம் வேறிடத்தில் இறக்கிவைத்தபின் கதையில் எஞ்சுவது யாது என்பது எமக்குப் புலப்படவில்லை.

மூலநூலின் முடிவு இவ்விரு படங்களினும் அடக்கமானது. ஜோவானாவுக்கு நேர்ந்ததை லெவின் எங்கும் சொல்வதில்லை. இறுதிப் பகுதி அவ்வூருக்குப் புதிதாய்க் குடிவந்த கறுப்பினப் பெண்ணான றூத்தானின் கண்வழியே நடக்கிறது. அவள் குழந்தைகளுக்கு நூல் எழுதிப் படமும் வரைபவள். அங்காடியில் அவள் ஜோவானாவைச் சந்திக்கிறாள். புகைப்படக்கலையைத் தான் விட்டுவிட்டதாகவும், அதில் தனக்கு மெய்யான திறமை இருந்ததில்லை என்றும் ஜோவானா புன்னகையுடன் கூறிச் செல்கிறாள். அவளது வண்டியிற் சாமான்கள் ஒழுங்காக இருக்கின்றன. றூத்தான் வீடு திரும்பித் தன் நூல்வேலையைத் தொடர எண்ணுகிறாள். பொபி கண்ட நான்கு மாதக் கணக்கை இப்போது வாசகன் எண்ணத் தொடங்குகிறான்.